காலைக் கூட்டத்தில் படித்த கட்டுரை

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். படப்பை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வாராவாரம் ஒரு நாளிதழுக்குச் சொல்லாராய்ச்சி எழுதுவேன். நாட்டு நடப்பையும் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வேன். படித்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடிய வாரம், ‘பணி’யும் ‘பணிவு’ம் ஒரே வேரில் கிளைத்தவை என்று எழுதினேன். பழம்பாடல்களிலிருந்து நாலு சான்று கொடுத்தேன். கடைசியில், வேலை செய்கிறவருக்கு அடக்கமே அழகு என்று ஒரு வரி. அதற்கு எந்தப் பாட்டிலும் சான்று கிடையாது. முடிப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது.

என் மாடியில் மூன்று தென்காசிப் பெண்கள் குடியிருந்தார்கள். மூவருக்கும் அதே தொழிற்சாலைதான். இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாமவள் மட்டும் வேலைக்குப் போனாள். ஊரில் படுக்கையாய்க் கிடந்த அப்பாவுக்கு அவள் சம்பளத்தில்தான் மருந்து.

அங்கே ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரையும் லைனில் நிற்கவைத்து, யாராவது ஒருவரை நல்ல கருத்து ஒன்றைப் படிக்கச் சொல்வது வழக்கம். அன்று சூப்பர்வைசர் என் கட்டுரையை வெட்டி எடுத்துவந்து அவளிடம் நீட்டியிருக்கிறார். என்னைப் பற்றி அவள் லைன் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாளாம்.

“இன்னாம்மா, உங்க ஹவுஸ் ஓனரம்மா எழுதினதுதான். சத்தமா படி.”

படித்துக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நிறுத்திவிட்டாள். இதைப் படிக்க மாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னும் நிரந்தரம் ஆகாத பெண். மறுநாள் அவளை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்த அன்றே பேனாவை எடுத்தேன். அந்த வரி தவறு என்று நாளிதழுக்கு எழுதி அனுப்பினேன். ஒரு மூலையில் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கே போனேன். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, அந்தப் பெண் பையோடு சொல்லிக்கொள்ள வந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எல்லாம் என்னாலதாம்மா” என்றேன்.

“நீங்க வேணும்னு செய்யல டீச்சர். ஆனா எழுதுததுக்கு முன்னாடி மாடிக்கு வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

ஒரு சொல்லுக்குச் சான்று தேடி எத்தனையோ நூலகங்களின் படி ஏறியவள் நான். என் வீட்டு மாடிக்குப் பதினாலே படி.