நாலு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடந்தபோது பக்கத்து நாற்காலியில் என்னோடு வேலை பார்க்கும் வீப்கெ இருந்தாள். சந்தேகம் இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நெதர்லாந்தின் வடகோடியில் ஒரு வாரவிடுமுறை மருத்துவ மையம். அங்கே தொலைபேசி எடுப்பது என் வேலை. நோயாளிகள் யாரும் நேரே வந்து நின்றுவிட முடியாது. முதலில் என்னிடம் பேச வேண்டும். யார் உடனே வரலாம், யார் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம் என்று நான்தான் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை 11:52. சிக்கெமா அம்மா கூப்பிட்டார். எண்பத்தொரு வயது, தனியாக இருப்பவர்.

"லீவு நாளும் அதுவுமா தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கம்மா. மேல்வயித்துல லேசா அழுத்துது. நேத்து வச்ச பட்டாணி சூப்புனால இருக்கும்."

எங்கள் ஊர்க் கிழவிகள் உயிரே போனாலும் 'லேசா' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். மேல்வயிற்று அழுத்தம் மாரடைப்பாகவும் இருக்கலாம், வியர்க்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும் என்பதும் தெரியும். கேட்கவில்லை. வரிசையில் இருபத்தொரு பேர். இரண்டு நொடிக் கேள்விதான்... இன்றுவரை என்னை அரிக்கிறது.

"ரெண்டு பாரசிட்டமால் போடுங்க. சரியாகலன்னா நாலு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க."

"சரிம்மா."

பிற்பகல் 3:52. வரிசையில் நிற்காமல் நேரே என் காதுக்கு வந்தது அந்தக் குரல்.

"நாலு மணி நேரம் ஆச்சும்மா."

பின்னணியில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட...

"வலி எப்படிம்மா இருக்கு?"

"போயிடுச்சு."

அப்பாடா என்று இருந்தது. வெட்கமில்லாத நிம்மதி. பிறகு ஏதோ உறுத்த, கேட்டேன்.

"வேர்க்குதா?"

"அப்ப வேர்த்துச்சு... நீ கேக்கலையே. இப்ப குளிருது."

வீப்கெ தோளைத் தொட்டாள். "யார்கிட்டடி பேசுற? உன் லைன்ல விளக்கே எரியலையே."

பார்த்தேன்.

எரியவில்லை.

காதில்... டொக்.

அன்று பணியில் இருந்த டாக்டர் யோரிட்டை உடனே அந்த வீட்டுக்கு அனுப்பினேன். 4:31-க்கு அவர் போனில் பேசினார்.

"ரின்ஸ்கே, பக்கத்து வீட்ல சாவி வாங்கித் திறந்தோம். அம்மா போயிட்டாங்க. உடம்பு விறைச்சிருக்கு. பன்னெண்டரைக்கே முடிஞ்சிருக்கும்."

காலையில் பதிந்த குறிப்பைத் திரையில் திறந்தேன்: 11:52.

"போன் மடியிலேயே இருக்கு. காலைல உன்கிட்ட பேசினதுக்கு அப்புறம் இதுல இருந்து எந்தக் காலும் போகல. உனக்கு யாரு சொன்னா?"

என் லைனின் எரியாத விளக்கைப் பார்த்தேன்.

"கையில ஒரு சீட்டு வச்சிருக்காங்க. '3:52. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டிருக்காங்க."