ஒரே ஒரு பாஸ்வேர்டு

புதுக் கம்ப்யூட்டரின் நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, "இன்னியிலேர்ந்து நம்ம கம்பெனி வேற லெவலு" என்று முதலாளி அறிவித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் கடையும் லேத்து மெஷின் மூன்று ஓடும் தகர ஷெட் அது. ஆபீஸ் வேலை என்ற பெயரில் நான் அங்கே எல்லா வேலையும் பார்த்தேன். மாதச் சந்தாவுக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். சர்வர் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டாம், இணையம் இருந்தால் போதும். ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகள், பாகங்களின் அளவு போட்ட டிராயிங்கை நேராக அதில் ஏற்றிவிடும். அளவு மாறினால் பழையது தானாக ஒதுங்கிப் புதியது முன்னால் நிற்கும். லேத்தில் நிற்பவரே தன் போனில் பார்த்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்து பேருக்குத் தனித்தனி பாஸ்வேர்டு உண்டு என்று விற்க வந்தவர் சொன்னபோது முதலாளி சிரித்தார். "அல்லாருக்கும் தொறந்து வுட்டா அப்பால நா எதுக்கு கீறேன்?" என்றார்.

அந்த மனிதரின் மொத்த அறிவும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. தினமும் காலையில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டுவார். டிராயிங்கை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பிரசாதம் தருவதுபோல் ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். மாலையில் திரும்ப வாங்கிப் பீரோவில் பூட்டுவார். இத்தனை வருடம் பீரோவை வைத்துச் செய்ததையே இப்போது சந்தா கட்டிச் செய்தார். பக்கத்து ஷெட்காரர்களை அழைத்து அதைப் பெருமையாக வேறு காட்டுவார்.

அந்தக் கார்த்திகையில் மாலை போட்டு மலைக்குப் போனார். நான்கு நாளுக்கான டிராயிங்கை அச்செடுத்து என்னிடம் கொடுத்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். ஆவடியிலிருந்து வந்து லேத்து ஓட்டும் டர்னர் அண்ணன், எங்கள் ஷெட்டிலேயே வேலை சுத்தமானவர், புஷ் என்கிற துளை உருளைகளில் பெரிய லாட் ஒன்றைத் தொடங்கும் முன் என் மேஜைக்கு வந்தார். "நைனா, இந்த புஷ்ல அளவ மாத்துவோம்னு ஆர்டர் குடுத்த கம்பெனி ஆளு போன தபா சொன்னாரு. புதுசு எதுனா வந்துகீதா பாரு." பார்க்க எனக்கு வழியில்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தன்னை மீறிப் பேசினேன் என்று முதலாளி திட்டுவாரே என்ற பயம். "பழசுலயே ஓட்டுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

முதலாளி திரும்பிய அன்றே லாட் மொத்தமும் திரும்பி வந்தது. புஷ்ஷின் உள்விட்டம் தவறு. கம்ப்யூட்டரைத் திறந்தார். அவர் கிளம்பிய மறுநாளே புது டிராயிங் வந்து, யாரும் திறக்காமல் கிடந்ததை அதுவே நேரத்தோடு காட்டியது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சட்டென்று அதை மூடிவிட்டு லேத் பக்கம் போய் அண்ணனிடம் கத்தினார்: "புதுசு கீதான்னு ஒரு வார்த்த கேக்க மாட்ட? இத்தினி வருசமா இன்னாத்த கிழிச்ச?" அண்ணன் என்னைத்தான் பார்த்தார். நான் கையிலிருந்த அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

இன்று திருநின்றவூரில் எனக்கே ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. அதே மாதிரி சாஃப்ட்வேருக்குச் சந்தா கட்டுகிறேன். வேலை செய்யும் எல்லோருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. யார் எதை எப்போது திறந்தார்கள் என்பது அதில் அப்படியே நிற்கும். என்னை விவரமான முதலாளி என்கிறார்கள். அந்தப் பழைய முதலாளியை மடையன், மடையன் என்று திட்டியே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். மடையன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால், "அவர் கேட்டார் சார், நான்தான் பழசில் ஓட்டச் சொன்னேன்" என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவைப்பட்டிருக்காது.