புதுவாயலில் எனக்காகத் திரும்பிச் சுற்றிய சக்கரம்

போன அக்டோபரின் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதுவாயலில் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மண் பிசைந்தேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் களிமண்ணைத் தொட்டது பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும்தான். ஆகஸ்டில் ஆபீஸ் வேலையாக கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது, புதுவாயல் கூட்ரோட்டில் டீ குடித்தேன். கடை வாசலில் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது: "சக்கரத்தில் மண்பாண்டம் செய்யப் பழகலாம். சனி, ஞாயிறு மட்டும்." போட்டோ எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆறு வாரமும் அந்தப் போட்டோவைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

எங்கள் வீடு கடம்பத்தூரில். சனிக்கிழமை காலை 5.40க்கு ஸ்கூட்டரை எடுத்தேன். திருவள்ளூர், பெரியபாளையம், ஆரணி வழியாகப் புதுவாயல். என் வண்டி மீட்டர் கணக்கில் 57 கிலோமீட்டர். பெரியபாளையத்தில் 7 மணிக்கு நாஷ்டா: இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 65 ரூபாய். ஆரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், ஆள் இல்லாத ரோடு, முகத்தில் குளிர்காற்று. ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே போனேன். 8.05க்குப் புதுவாயல் வந்ததும் கன்டெய்னர் லாரிகள் பாட்டை நிறுத்தின.

வகுப்பு நடப்பது கூட்ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, ஒரு வீட்டின் பின்னால் இருக்கும் சிமென்ட் ஷீட் கொட்டகையில். சொல்லிக்கொடுப்பவர் அந்த வீட்டுப் பெண் ஸ்டெல்லா, வயது இருபத்தேழு. வார நாட்களில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட், பேக்கிங் செக்‌ஷன். நான்கு வருடம் முன்பு ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவுக்குப் போன இடத்தில் ஒருவர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஞாயிறுதோறும் அங்கே பஸ் ஏறிப் போய்ப் பழகியிருக்கிறார். அவருடைய அண்ணன் ஜோசப் இன்னொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பழைய மோட்டார் வாங்கி இரண்டு சக்கரம் செய்து கொடுத்தது அவர்தான். ஒன்றில் நான். இன்னொன்றில் பாலு என்று ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"மொதல்ல மண்ணு நடுவுல நிக்கணும்க்கா. அது நின்னுட்டா பாதி பானை முடிஞ்சுது," என்றார் ஸ்டெல்லா.

மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, தண்ணீர் தொட்டு, சுற்றும்போது இரண்டு கையாலும் அமுக்கி ஆட்டமில்லாமல் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். பாலு அதை முக்கால் மணி நேரத்தில் செய்துவிட்டார். "லீவர் தள்ற மாதிரிதாங்க, அவசரப்படக் கூடாது," என்று எனக்கு யோசனை வேறு. என் மண் மட்டும் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. அமுக்கினால் ஒரு பக்கம் பிதுங்கியது. விட்டால் கையைத் தட்டிவிட்டது. ஸ்டெல்லா என் கைமேல் கை வைத்துப் பிடித்தால் நிற்கும், அவர் எடுத்ததும் ஓடிவிடும். மாலை 5 மணி வரை பதினான்கு உருண்டை. ஒன்றுகூட நிற்கவில்லை. பாலு முன்னால் மூன்று கிண்ணம் வரிசையாக இருந்தன.

கிளம்பும்போது ஸ்டெல்லா இன்னொன்றும் சொன்னார். இந்த வாரம் செய்வதெல்லாம் காய்ந்து, மாதக் கடைசியில் சூளைக்குப் போகும். மழை பிடித்துவிட்டால் தை வரை சூளையும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆக எனக்கு இருந்தது ஞாயிறு மதியம் வரைதான்.

தங்கியது அங்கிருந்து 9 கிலோமீட்டர், கும்மிடிப்பூண்டியில் ஒரு லாட்ஜ். அறை 900 ரூபாய், சுத்தம். பெண் தனியாக என்றதும் ஆதாரை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்கள், மற்றபடி தொந்தரவு இல்லை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கின. பரோட்டா கடையில் ஒரிசாக்காரர்களும் நம் ஆட்களுமாக நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நின்று சாப்பிட்டபடி, நாளை காலை நேராக வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். உள்ளங்கை இரண்டும் எரிந்தன. ஆனால் காலையில் 6 மணிக்கு எழுந்ததும் முதல் நினைப்பே மண்தான். போனேன்.

ஞாயிறும் அதே கதை. பத்து மணிக்குள் மூன்று உருண்டை போயின. நான்காவதற்காக ஸ்டெல்லா மண் குவியல் பக்கம் போனவர், அங்கிருந்தே, "புடிங்கக்கா!" என்று ஒரு உருண்டையைத் தூக்கிப் போட்டார். பிடித்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, நீ லெஃப்டா?"

நேற்று முழுக்க "நீங்க"தான். ஆச்சரியத்தில் "நீ"க்கு வந்துவிட்டார். நான் என் இடது கையில் இருந்த மண்ணைப் பார்த்தேன். ஆமாம், நான் இடக்கைப் பழக்கம்தான். ஆனால் எழுதுவது, சாப்பிடுவது, பரிமாறுவது, நாலு பேர் பார்க்கச் செய்யும் எதுவும் வலது கைதான். சின்ன வயதில் திட்டு வாங்கி வாங்கிப் படிந்த பழக்கம். யாராவது ஒரு வேலையைக் காட்டினால் கேட்காமலே வலது கைக்கு மாற்றிக்கொண்டுவிடுவேன். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

"ஆமாம்மா. ஆனா பழகிட்டேன்," என்றேன்.

"இன்னா பழகிட்ட? நேத்துலருந்து பதினேழு உருண்ட போச்சி! சொல்லாம கம்முனு குந்திகினு இருந்தா எனக்கு எப்டி தெரியும்?" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ண்ணா! டூல்ஸ் எட்தாந்து இந்த மோட்டார திருப்பி சுத்த வையி!"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்காக ஒரு மெஷினை மாற்றுவதா? வேண்டாம், நான் இதிலேயே பார்க்கிறேன் என்றேன். ஜோசப் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தேவிட்டார். "இதுல இன்னாக்கா இருக்குது? உள்ள ரெண்டு ஒயர மாத்தி குட்த்தா மேட்டரு முடிஞ்சுது."

மேட்டர் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியதும் மேல்தட்டு தானாகவே மரை கழன்று எழும்பி ஆடியது. ஸ்டெல்லா பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். ஜோசப் தலையைச் சொறிந்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கூட்ரோடு போய் போல்ட் வாங்கிவந்து, தட்டை அச்சோடு சேர்த்து இறுக்கினார். பாலு தன் வேலையை விட்டுவிட்டு டார்ச் அடித்தார். எல்லாம் முடிய 11.40. ஒரு மணிக்கு வகுப்பு முடியும்.

உட்கார்ந்தேன். அதுவரை வலக்கைக்காரர்களுக்குத் தோதாக எதிர்ப்பக்கம் சுற்றிய சக்கரம், இப்போது கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றியது. "இப்போ உன் கை எப்டி போவுதோ அப்டியே உடு," என்றார் ஸ்டெல்லா. வலது முழங்கையைத் தொடையில் ஊன்றி அணை கொடுத்தேன், இடது கை மேலிருந்து அமுக்கியது. மண் இரண்டு முறை துள்ளியது. பிறகு துள்ளல் குறைந்தது. பிறகு கைக்குள் ஒன்றுமே அசையவில்லை. சக்கரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் தட்டு சர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது, மண் மட்டும் நடுவில் அசையாமல் நிற்கிறது!

"நின்னுச்சி! நின்னுச்சி!" என்று நான் கத்த, ஸ்டெல்லா என்னைவிடச் சத்தமாகக் கத்த, ஜோசப்பின் மனைவி என்னவோ ஏதோவென்று வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். பாலு மண் கையோடு கை தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை, விட்டுவிட்டேன்.

அந்த உருண்டை கிண்ணமாகவில்லை. நடுவில் விரல் விட்டுக் குழித்துச் சுவரை மேலே இழுத்தபோது அவசரத்தில் கிழித்துவிட்டேன். போகட்டும். அடுத்தது நின்றது. ஒரு மணிக்குள் மூன்று கிண்ணம். உயரமானது ஒரு டம்ளர் அளவு, மூன்றும் கோணல். பசியோடு வண்டி ஓட்டக் கூடாது என்று ஸ்டெல்லா வீட்டிலேயே சாப்பிட வைத்தார். சோறு, மீன் குழம்பு. 2.30க்குக் கிளம்பி ஐந்துக்குள் வீடு.

இனி போக நினைப்பவர்களுக்கு. இரண்டு நாள் வகுப்பு 1,800 ரூபாய், மண்ணும் சூளையும் சேர்த்து. பெட்ரோல் எனக்கு 300 ஆனது. வண்டி இல்லாதவர்கள் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிக் கவரப்பேட்டையில் இறங்கினால் புதுவாயலுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும், இருபது ரூபாய். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், மோதிரம் வேண்டாம், பழைய பருத்தி உடை போதும். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் வழியாக வராதீர்கள், கோயில் கூட்டத்தில் வண்டி நகராது. இடக்கைக்காரர்களில் பலர் வழக்கமான சுற்றிலேயே நன்றாகச் செய்கிறார்களாம், எனக்கு வரவில்லை. உங்களுக்கும் வராவிட்டால் முதல் மணி நேரத்திலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் ஒன்றரை நாளை வீணாக்கியது சொல்லாததால்தான்.

நான்கு வாரம் கழித்துக் கிண்ணம் வாங்கப் போனேன். மூன்றில் ஒன்று சூளையில் வெடித்துவிட்டது. மற்ற இரண்டும் செங்கல் நிறத்தில், தட்டினால் கணீரென்று இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது, கொட்டகையில் வேறு யாரும் இல்லை. நான் உட்கார்ந்த சக்கரத்தின் பக்கவாட்டில் ஜோசப் புதிதாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார். அதன் ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்டில் "இப்டி" என்றும், மறுபக்கம் "அப்டி" என்றும் எழுதியிருந்தது.

ஸ்டெல்லா ஒரு உருண்டையை எடுத்து நீட்டினார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்டி"யைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.