மழை விட்டதா என்று கேட்பதற்கு முன்

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, காலி வீதி நெரிசலில் நின்றபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அலுவலக நண்பன் பாசிலின் குரல்பதிவு வந்தது. "மச்சான், மோனிக்கா அக்கா மௌத்தாகிட்டாங்க. விடிய நெஞ்சுவலியாம்." அக்கா இறந்துவிட்டார் என்று கேட்டதும் பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று இன்றும் தெரியாது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்கு விடுவிக்கும் எங்கள் அலுவலகத்தில் அக்கா இருபத்தாறு வருடம் கிளார்க். அவரிடம் வேலை பழகியவர்கள் மனேஜர் ஆனார்கள். அக்கா அதே மேசை. நான் கொதித்தால், "எனக்குப் பதவி ஞாயிற்றுக்கிழமைதான்டா" என்பார். ஞாயிறு கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்ததும் தூண்டிலோடு மட்டக்குளிக்குப் போவார்; பாசிலும் நானும் அலுவலகத்தில் இன்னொருவரும் கூடப் போவோம். மலையிலிருந்து இறங்கும் களனி கங்கை கடலில் சேருகிற இடம் அது. கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் கொடுவா மீன்தான் அவருடைய குறி.

கலங்கிய நீரில் கொடுவா கடிக்காது. அதனால் வெள்ளிதோறும், ஆறு இறங்கி வரும் மலைப்பக்கம் மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் செல்வியைத் தொலைபேசியில் அழைப்பார். முன்பு அக்காவின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் வேலை செய்தவர் செல்வி. ஒரு வாரம், ஞாயிறு பாசில் வீட்டில் கல்யாணம் என்பதால் சனிக்கிழமையே போக முடிவெடுத்தோம். அக்காவுக்கு வேலை நெருக்கடி. என்னைப் பேசச் சொன்னார்.

"மழை விட்டிட்டுதா?" என்றேன். "விட்டுருச்சுங்க" என்றார் செல்வி. வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அலுவலகத்தில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. கரைக்குப் போனால், ஆறு தேத்தண்ணி நிறத்தில் வாழைமரங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. மேலே நீர்த்தேக்கத்தின் வான்கதவைத் திறந்திருந்தார்கள்.

அக்கா கட்லட்டைக் கடித்தபடி கேட்டார்: "கூரை ஒழுகுதோ எண்டு கேட்டனியா?"

"இல்லை அக்கா. மழையை மட்டும்தான்."

"அதுதானே. வீட்டைப் பத்திக் கேட்டிருந்தா, வான்கதவு திறந்து தன்ட மனுசன் ஆத்துக்கு அங்கால நிக்கிறான் எண்டும் சொல்லியிருப்பா. நீ என்ன, வானிலை அறிக்கையோடயா கதைச்சனீ?"

"என்ட காய்ச்சல் வேஸ்டாப் போச்சே!" என்றான் பாசில்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. தொழிலாளர் உரிமை பற்றி முகநூலில் பக்கம் பக்கமாக எழுதுபவன் நான். ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் என் மீனுக்காக மழையை விசாரித்திருக்கிறேன்.

கடந்த வருடம், கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அடுக்குமாடி கட்டும் கொம்பனி கேற் போட்டது. ஊரே நடந்த பாதை. காவலாளி அக்கரை ஹெந்தளையைச் சேர்ந்த சிங்களவர், மறித்தார். நான் கத்தினேன். அக்கா சிரித்துக்கொண்டு, "மல்லி, கங்க ஒயாகெத?" என்றார். தம்பி, ஆறு உன்னுடையதா? அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, விட்டார்.

"இண்டைக்குச் சிரிக்கிறான், நாளைக்குப் பூட்டுவாங்கள் அக்கா."

"அதுக்குத்தான் ஒவ்வொரு கிழமையும் வாறது. ஆக்கள் நடக்காட்டி அது அவங்கட காணியாப் போயிடும்."

அன்று ஒரு கொடுவா கடித்தது. தூண்டில் தடி வளைந்து நின்றபோது, கேற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து வலையை நீட்டியவர் அந்தக் காவலாளிதான். அக்கா பாதி மீனை அவருக்கே வெட்டிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை செல்வியை அழைத்தேன். செய்தியைக் கேட்டு அழுதார். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு, "கூரை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா அனுப்புன தகரம் போட்டாச்சுங்க. ஒரு மூலையில மட்டும் சொட்டுது." மகளின் பரீட்சை, பறித்த கொழுந்தில் தோட்டத்தார் கழிக்கிற கிலோ, பாதையில் சரிந்த மண் எல்லாம் சொன்னார். கடைசியில், நான் கேட்காமலே: "வான்கதவு மூடிட்டாங்க. ஞாயித்துக்கெழம தண்ணி தெளிஞ்சிரும். யாருங்க போறீங்க?"

நான் போகிறேன். எனக்கு இன்னும் ஒழுங்காகத் தூண்டில் வீச வராது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை மஸ்கெலியாத் தொலைபேசி இலக்கமும், அதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும், பூட்டவிடக் கூடாத ஒரு பாதையும். பாசிலும் வருகிறான். அக்காவைத் தெரிந்தவர்கள் பூசை முடிய வாருங்கள். தூண்டில் வேண்டாம், அந்த ஒழுங்கையால் நடந்து வந்தால் போதும்.