பாத்ரூம் கதவுக்கு முகூர்த்தம்

முசரவாக்கம் அப்பாதுரை செய்த கதவுகள் காஞ்சிபுரத்தில் எத்தனையோ வீடுகளில் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் ஒருவர் வீட்டுத் தலைவாசலில் அவர் செதுக்கிய சங்கு சக்கரத்தைப் போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அப்பாதுரையின் சொந்த வீட்டுக் கொல்லையில் இருக்கும் பாத்ரூமுக்கு மட்டும் கதவு கிடையாது. ஒரு சாக்குத்தான் தொங்கியது. எட்டு வருஷமாகத் தொங்கியது.

மரம் இல்லாமல் இல்லை. அறுத்து இழைத்த கட்டையும் பலகையும் சுவரோரம் சாய்ந்தே கிடந்தன. நாள்தான் கிடைக்கவில்லை. கதவு மாட்ட முதலில் நிலை வைக்க வேண்டும். நிலை வைப்பது என்றால் நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்துத்தான் வைக்க வேண்டும். தொழிலில் அவர் கற்றது அப்படி. ஊரார் வீட்டுக்கு அவர்களே நாள் குறித்துக் கூப்பிடுவார்கள், போய் வைத்துவிட்டு வருவார். தன் வீட்டுக்கு அவரே அல்லவா பார்க்க வேண்டும்? தினமும் காலண்டர் தாளைக் கிழிப்பார். ஒருநாள் அஷ்டமி, ஒருநாள் கரிநாள். பிறகு ஆடி, அதற்கப்புறம் மார்கழி. எல்லாம் கூடிவந்தால், "வரதரு கருட சேவ முடியட்டும்" என்பார்.

"பாத்ரூமுக்கு எவன்யா முகூர்த்தம் பாப்பான்?" என்பாள் மனைவி அலமு. "உள்ள இன்னா, சாமியா குடியிருக்குது?"

"நெலன்னா நெலதான் அலமு. வெளையாட்டு இல்ல."

அந்த வீட்டில் குளிக்கிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே குளிக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே! அலமு இருமுவாள். அப்பாதுரை செருமுவார். மகள் தீபிகா பதினாலு வயசிலிருந்து வாய்ப்பாடு சொன்னாள். தலைக்குக் குளித்தால் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் போகும்.

"கணக்குல அது தொண்ணூறு மார்க்கு வாங்குதுன்னா யாரால?" என்று அப்பாதுரை அதிலும் பெருமை பேசுவார்.

கல்யாணமாகி அரக்கோணம் போன தீபிகா, தொண்ணூற்றொன்பதில் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னாள்.

"அப்பா, கதவு இருந்தா கொழந்தையத் தூக்கிக்கினு இங்க வரேன். இல்லாட்டி ஆஸ்பத்திரிலேந்து நேரா அத்தையோட போயிடறேன். பச்ச ஒடம்போட வாய்ப்பாடு சொல்ல என்னால முடியாதுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

"வளர்பிறைல வெச்சுடறேம்மா."

வளர்பிறை வந்தது. போயும் விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வலி கண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாதுரை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மணி மூன்று ஆனதும் முகம் வெளுத்துவிட்டது.

"ராகு காலம் வந்துட்சி அலமு. அதுவும் அஷ்டமி. நாலரை வரைக்கும் தள்ளணுமே!"

"அதுவும் உன்ன மாதிரி தள்ளிப்போடும்னு பாத்தியா?" என்றாள் அலமு.

மூன்று நாற்பதுக்கு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பெண் குழந்தை. துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். ராகு காலத்துக்கு நட்டநடுவில் பிறந்தது, அவரைப் பார்த்து வாய் நிறையக் கொட்டாவி விட்டது. விரலை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன. நகம்கூட இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட நல்ல நேரம் எந்தக் காலண்டரில் போட்டிருக்கும்?

சம்பந்தியம்மா கங்கையம்மாள் பேத்தியைக் கொஞ்சிவிட்டு, "வெள்ளிக்கெழம உட்ருவாங்களாம். கார் எடுத்தாந்துடறேன்" என்றாள். தீபிகா அப்பாவைப் பார்த்தாள்.

மறுநாள் நவமி. எமகண்டம் போகட்டும் என்று அப்பாதுரை டீ குடித்தார். அப்புறம் உளியைத் தீட்டினார். தீட்டிய உளியையே மறுபடி தீட்டினார். எட்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? பன்னிரண்டு அடித்தது, ராகு காலம். "சரி, ஒன்றரைக்கு மேல..." என்று உட்காரப் போனவருக்கு அந்தக் கொட்டாவி ஞாபகம் வந்தது. எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெருமாள் படம் போட்ட காலண்டரை மூடினார்.

"கோச்சிக்காத பெருமாளே. சாயங்காலம் எடுத்துடறேன்."

கட்டைகளைப் பூட்டி நிலையைத் தூக்கி நிறுத்தினார். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தார். சந்தில் சிமெண்டை அடைத்தார். மஞ்சள் குங்குமத்தை மட்டும் விடவில்லை, பொட்டு வைத்தார். கை கழுவிவிட்டு மணி பார்த்தால் இரண்டரை. இவ்வளவுதானா? அவருக்கே வெட்கமாகிவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பலகைகளை எடுத்தார். வெயில் பட்டுப்பட்டு ஒன்று வில்லாக வளைந்திருந்தது. அதைக் கழித்து வேறு பலகை சேர்த்துக் கதவைச் செய்து முடித்தார். இருட்டுவதற்குள் மாட்டியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. "அரக்கோணந்தான?" என்றாள் கங்கையம்மாள்.

அப்பாதுரை மகளிடம் மெதுவாகச் சொன்னார். "உள்பக்கம் தாப்பாளும் போட்டாச்சும்மா. பித்தள."

தீபிகா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் இன்னும் சிமெண்ட் காய்ந்திருந்தது.

"அப்ப வண்டிய முசரவாக்கத்துக்கே உடுப்பா" என்றாள் கங்கையம்மாள் டிரைவரிடம். "கண்ணாலத்துலேந்து கேட்டுக்கினு இருக்கேன். அந்தக் கதவ நானும் பாக்கணும்."

மறுநாள் அலமு வெந்நீர் விளாவிக் கொடுத்தாள். தீபிகா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே அப்பாதுரை மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது. வாய்ப்பாடு இல்லை. செருமல் இல்லை.

"தீபி! இன்னாம்மா, சத்தத்தையே காணோம்?"

"கதவு இருக்குதேப்பா!"

மறுபடியும் தண்ணீர் விழுந்தது, அவசரமே இல்லாமல்.