தெய்வானையக்கா அழுத்திய பொத்தான்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் யாருக்கும் அடங்காத காளை ஒன்றை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் தெய்வானையக்காவின் மகள் சுமதி போனில் அழைத்தாள். “மாமா, அம்மா போயிருச்சுங்க.” கயிற்றை விட்டுவிட்டேன். காளை எந்தப் பக்கம் போனதென்று இன்றுவரை தெரியாது.

பல்லடத்தில் முப்பது வருடம் தறி ஓட்டிய தெய்வானையக்கா மாரடைப்பில் போனார். வயிற்றில் ஒட்டிய கருவிதான் காரணம் என்று சிலர் பேசுகிறார்கள். அதைக் கழற்றி ஐந்து மாதமாகிறது. பேசுபவர்கள் என் எதிரில் வந்து பேசட்டும். நானும் அதை ஒட்டியவன்தான், கல்லுப்போல இருக்கிறேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மூத்திரக் கோளாறுள்ள எங்கள் பத்துப் பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். மூத்திரப்பை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதுவரை குழாய்தான் விடுவார்கள். லாரியில் இமயமலை வரை போய்வந்த நானே குழாய்க்குக் கத்தியது உக்கடம் வரை கேட்டதாம். இதுவோ ஒயர் இல்லாத வில்லை. தொப்புளுக்குக் கீழே ஒட்டினால், பை நிறைவதை டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். முட்டும்போது நாங்கள் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கருவி தேறியது.

ஆனால் பொத்தானை அழுத்தினால் ‘கீ’ என்று கத்தும். படித்த பெண் எதிரே நின்று பேசும்போது எப்படி அழுத்துவது? “வருதுங்களா?” என்பார் டாக்டரம்மா. “இல்லீங்க, நீங்க சொல்லுங்க” என்போம். அவர் தலை மறைந்ததும் ஓடுவோம். முதலில் ஓடுவது நான்.

நான்காம் நாள் டாக்டரம்மா முகம் வாடி வந்தார். “பை நிறைஞ்சுதுன்னு இது சொல்லுது, நீங்க இல்லைங்கறீங்க. கருவிதான் சரியில்ல. திருப்பி அனுப்பிட்டு, பழையபடி குழாய்தான்.”

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். தெய்வானையக்கா என்னைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, காலு ரெண்டும் பின்னிக்கிட்டுக் கெடக்குதே, யோகாசனமுங்களா?”

பிறகு எழுந்து நின்றார். “அம்மணி, கருவி பொய் சொல்லுலீங்க. நாங்கதான் உங்க மரியாதைக்குப் பொய் சொல்லிப்போட்டோம். தறி நிக்கக்கூடாதுன்னு முப்பது வருசம் அடக்கித்தான் எனக்கு இந்த நோவே வந்துச்சு. இனி எவுருக்காகவும் அடக்க மாட்டனுங்க.”

சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அடுத்து நான். அப்புறம் அந்த ஹாலே அலறியது. கருவி தப்பியது, நாங்களும் குழாயிலிருந்து தப்பினோம்.

நேற்று அக்காவுக்கு இரங்கல் கூட்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பேச்சை முடிக்கிற மாதிரி தெரியவில்லை. எனக்கு முட்டியது. கால்கள் தாமாகப் பின்னிக்கொண்டன. அக்காவின் படத்தைப் பார்த்தேன். எழுந்தேன். “ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ஒன்னுக்கு வருது, போயிட்டு வாரேன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அக்கா எனக்கு விட்டுப்போன சொத்து அந்த ஒரு வாக்கியம்தான். வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், பாதிக் கூட்டம் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் பெரியவரும் இருந்தார்.