அக்கா தனியாகப் புதுவயல் போன நாள்

அக்கா முதல்முறையாகத் தனியே பஸ்ஸில் போக வேண்டிய நாளில், அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போகச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். எனக்கு அப்போது பத்து வயது. காரைக்குடியைத் தாண்டி நானும் தனியாக எங்கேயும் போனதில்லை. அதை அம்மா யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். எதையும் கற்றுக்கொள்ள அவளுக்கு மற்றவர்களைவிட அதிக நாளாகும். கற்றுக்கொண்டுவிட்டால் மறக்க மாட்டாள். பள்ளிக்கூடம் முடிந்தபின் இவள் என்ன செய்வாள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரும் டீச்சர்தான் கேட்டார். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பேசி, அரிசிப் பைகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையைச் சனிக்கிழமைதோறும் பழக ஏற்பாடு செய்தார். ஆரம்பத்தில் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார். பிறகு இரண்டு சீட் தள்ளி. மூன்று மாதம் கழித்து அம்மாவிடம், "இந்தச் சனிக்கிழமை அவளே வரட்டும். நான் மில்லு வாசல்ல நிக்கிறேன். நீங்க யாரும் பின்னாடி வந்துறாதீக" என்றார்.

அம்மா சரியென்று தலையாட்டினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை அக்கா தெருமுனை திரும்பியதும் அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஓடு. அவ பாத்துரக் கூடாது. அவ எறங்குனா நீயும் எறங்கு. கண்ண மட்டும் எடுத்துராத."

பஸ்ஸில் அக்கா முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சுடிதார். நான் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்டனூரில் இன்னும் கூட்டம் ஏறியது. அதன்பின் அவள் தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தலை மறைந்தபோதெல்லாம் எக்கி எக்கிப் பார்த்தேன்.

புதுவயலில் நெல் லாரிகள் வரிசையாக நின்று ரோட்டை அடைத்திருந்தன. ஸ்டாப்புக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. "புதுவயல் எல்லாம் இங்கேயே எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். கூட்டம் மொத்தமாக இறங்கியது. படிக்கட்டில் ஒரு மஞ்சள் சுடிதார் இறங்குவதைப் பார்த்து நானும் குதித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், கை நிறைய வளையல் போட்ட வேறு யாரோ ஒரு பெண்.

திரும்பினேன். வழி கிடைத்த பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் அக்கா, நேராக முன்னால் பார்த்தபடி. டீச்சர் சொல்லிக்கொடுத்த ஸ்டாப் வராமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். பஸ்ஸோ அந்த ஸ்டாப்பில் நிற்காமலே போய்விட்டது.

"அக்கா" என்று கத்த நினைத்தேன். அதற்குள் பஸ் கேட்காத தூரம் போயிருந்தது. அந்த பஸ் அறந்தாங்கி வரை போகும். அதற்கு அப்பால் என்ன ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. சுற்றிலும் ஆலைகளின் புகைக்கூண்டுகள். டீச்சர் நிற்கும் ஆலை எது என்றும் தெரியாது. யாரிடமாவது கேட்டால் அக்காவைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமே. லாரி டிரைவர் ஒருவர், "யாரு பாப்பா நீ? எங்குட்டுப் போகணும்?" என்று கேட்டதும் பயந்து ஓடி ஒரு கடையோரம் உட்கார்ந்துகொண்டேன். அக்கா இனி வரவே மாட்டாள் என்று நிச்சயமாக நம்பினேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தபோது வீட்டுக்குப் போகவே கூடாது என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் போனதோ, எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள். ஒரு லாரி போகும்வரை நின்று, ரோட்டைக் கடந்து வந்தாள். அப்புறம்தான் என்னைக் கவனித்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்த?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் தன் வழக்கப்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நம்ம ஸ்டாப்புல பஸ்ஸு நிக்கல. கண்டக்டர் அண்ணன்கிட்ட சொன்னேன். அடுத்த ஸ்டாப்புல எறக்கிவிட்டாக. எதிர்ப்பக்கம் போயி வேற பஸ் ஏறி வந்துட்டேன்." பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மாவா அனுப்புனாக?"

தலையாட்டினேன். அவள் முகம் சுருங்கிப் போனது. துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்து, கையைப் பிடித்து ஆலைக்குக் கூட்டிப் போனாள்.

வாசலில் டீச்சர் வெளிறிப்போய் நின்றிருந்தார். "பஸ் தாண்டிப் போயிருச்சு டீச்சர். திரும்பி வந்துட்டேன்" என்றாள் அக்கா. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்து டீச்சர் எங்களை ஸ்டாப்பில் விட்டுப் போனார். பஸ் வந்ததும் அக்கா முதலில் என்னை ஏற்றி, பின்னால் ஒரு சீட்டில் உட்கார வைத்தாள்.

"இங்கனயே இரு. எங்கிட்ட வரக் கூடாது."

அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா இனி என்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்து வழியெல்லாம் சத்தமில்லாமல் அழுதேன். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்மேல் கோபமாக இருக்கவில்லை, தனியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.